உறைந்து நின்ற திரைகள்: இயங்குதள மேம்பாடுகளின் மறுபக்கம்

கணினி வழக்கில் நாம் நாள்தோறும் புழங்கும் சொற்களுள் 'மேம்பாடு' என்பதைப் போல் கேள்வியின்றி ஏற்கப்பட்ட சொல் பிறிதொன்றில்லை எனலாம். பழைய பதிப்பை நீக்கிப் புதிய இயங்குதளத்தை நிறுவுவது ஒருபடி ஏறுவதாகவே சொல்லளவில் பொருள்படுகிறது. ஆயின் அவ்வாறு ஏறியவர்களுள் பெருந்தொகையினர் கண்ட காட்சி வேறு. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பொறி இன்று தவழ்கிறது. ஒரு கோப்பைத் திறக்கச் சொன்னால் திரை அப்படியே உறைந்து நிற்கிறது. 'சிஸ்டம் ஹேங் ஆகிவிட்டது' என்னும் தொடர் நம் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் அன்றாடப் புலம்பலாகவே நிலைபெற்றுவிட்டது. இதனை வைரஸின் வேலை என்றோ பொறியின் முதுமை என்றோ நம் கைராசி என்றோ சொல்லி ஆறுதல் அடைவது வழக்கம்.

ஆனால் இந்த உறைதலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் மனிதர்கள் எடுத்த முடிவுகள் இருக்கின்றன. அம்முடிவுகளுக்கு நீதிமன்ற ஆவணங்களின் சான்றும் இருக்கிறது. கணினி ஏன் மெதுவாயிற்று என்னும் தொழில்நுட்பக் கேள்விக்கு விடை காண்பது எளிது. அது மெதுவாகும் என்பது யாருக்கு முன்பே தெரிந்திருந்தது, அதனை அவர்கள் யாரிடம் சொன்னார்கள் என்பதே நாம் இங்குப் பின்தொடர விரும்பும் கேள்வி.

முதலில் உறைதல் எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சுருக்கமாகக் காண்போம். நூலகத்தில் வாசிப்பவர் ஒருவரின் மேசையில் நான்கு நூல்களுக்கே இடமுண்டு என்று கொள்வோம். ஐந்தாவது நூல் வேண்டுமெனில் நான்கில் ஒன்றை அடுக்கறைக்குத் திருப்பி அனுப்பியாக வேண்டும். மேசை என்பது கணினியின் நினைவகம். அடுக்கறை என்பது வன்தட்டு. இவ்விரண்டையும் ஒரே பெருநினைவகமாகக் காட்டும் உத்தியை 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் என்னும் கணினி நடைமுறைப்படுத்தியது. மிகச் சிறந்த உத்திதான். எனினும் அதற்கோர் எல்லை உண்டு. மேசை மிகச் சிறிதாகவும் தேவைப்படும் நூல்கள் மிகப் பலவாகவும் இருந்தால், வாசகர் வாசிப்பதை விட்டுவிட்டு நூல்களை எடுத்துச் செல்வதிலும் கொண்டுவருவதிலுமே பொழுதைக் கழிப்பார். பீட்டர் டென்னிங் என்னும் கணினி அறிஞர் 1968இல் இந்நிலையின் காரணங்களையும் அதனைத் தவிர்க்கும் வழியையும் ஆராய்ந்து எழுதினார். வன்தட்டின் சுழல்முள் ஒரு தகவலைத் தேடிப் பிடிக்க ஏறத்தாழ 10 மில்லிநொடி ஆகும். நினைவகத்தின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது ஓர் இலட்சம் மடங்கு அளவிலான தாமதம். வன்தட்டின் விளக்கு ஓயாது மின்ன, திரை மட்டும் அசையாது நிற்கும் அந்தக் காட்சியின் பின்னணி பெரும்பாலும் இதுவே.

ஆக, மேசையின் அளவறிந்து இயங்குதளம் எழுதப்பட்டால் தொல்லை இல்லை. அவ்வாறு எழுதப்படாமைக்கான காரணமும் நெடுங்காலமாக அறியப்பட்டதே. ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ்/360 என்னும் பேரியங்குதளத்தின் ஆக்கத்திற்குத் தலைமை தாங்கிய ஃபிரெட் புரூக்ஸ், தம் பட்டறிவைத் தொகுத்து 1975இல் நூலாக வெளியிட்டார். ஒருவர் உருவாக்கும் முதல் அமைப்பு அடக்கமாக இருக்கும். அப்போது ஒதுக்கிவைத்த ஆசைகளையெல்லாம் இரண்டாவதில் கொட்டிவிடுவார் என்பது அவர் கண்ட உண்மை. இரண்டாம் காப்பியத்தில் கற்றதனைத்தையும் காட்ட முற்படும் புலவரைப் பற்றி இலக்கிய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாஸ்கல் மொழியைப் படைத்த சுவிட்சர்லாந்து அறிஞர் நிக்லாஸ் விர்த், 1995இல் எழுதிய கட்டுரையில் இதனை இன்னும் கூர்மையாக்கினார். வன்பொருள் விரைவடையும் வேகத்தை விட மென்பொருள் மெதுவாகும் வேகம் மிகுதி என்பது அதன் சாரம். ஒரு காலத்தில் உரைத்திருத்தி ஒன்றை ஏறத்தாழ 8,000 பைட்டுகளில் எழுத முடிந்தது, இன்றோ அதுபோல் நூறு மடங்கு கேட்கிறார்கள் என்று அவர் அங்கலாய்த்தார்.

விர்த்தின் கட்டுரை வெளிவந்த அதே 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 24இல் விண்டோஸ் 95 வெளியாயிற்று. அதற்குக் குறைந்த அளவாக மைக்ரோசாப்ட் சொன்ன நினைவகம் 4 மெகாபைட். 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பிக்கு 64 மெகாபைட். 2007 சனவரியில் கடைகளுக்கு வந்த விஸ்டாவுக்கு 512 மெகாபைட். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11க்கு 4 கிகாபைட். 26 ஆண்டுகளில் 1,024 மடங்கு! இந்த எண்கள் யாவும் 'குறைந்த அளவு' என்பதை மறக்கலாகாது. இவ்வளவில் இயங்குதளம் உயிரோடிருக்கும். அதற்கு மேல் அதனிடம் வேலை வாங்குவது வேறு சங்கதி.

இத்தனை மடங்கும் வீணென்று சொல்வது நேர்மையாகாது. தமிழில் எழுதுவோருக்கு இதில் ஒரு தனிக் கடனும் உண்டு. விண்டோஸ் 98 காலத்தில் தமிழ் என்பது பற்பல எழுத்துரு ஏற்பாடுகளாகச் சிதறிக் கிடந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்க அதே எழுத்துருவைத் தேடி நிறுவ வேண்டும். விண்டோஸ் 2000த்தில்தான் லதா என்னும் எழுத்துருவுடன் யூனிகோடுத் தமிழ் இயங்குதளத்திற்குள்ளேயே இடம்பெற்றது. எக்ஸ்பியிலும் அது தொடர்ந்தது. எனினும் நிறுவுவட்டைத் தேடியெடுத்து, மொழி அமைப்புப் பகுதிக்குச் சென்று அதனை விழிக்கச் செய்தாக வேண்டும். அந்தப் படலம் ஏதுமின்றி, திறந்தவுடன் தமிழைக் காட்டிய விண்டோஸ் எது தெரியுமா? உலகமே திட்டித் தீர்த்த விஸ்டாதான். ஆகவே மேம்பாட்டை வேண்டாம் என்று நாம் ஒருநாளும் சொன்னதில்லை. அதன் விலை மறைக்கப்பட்டதே நம் வழக்கு.

விஸ்டாவின் கதை அவ்வகையில் முழுமையாகப் பதிவாகியுள்ள ஒன்று. எக்ஸ்பிக்குப் பின் 'லாங்ஹார்ன்' என்னும் குறிப்பெயரில் 2001இல் தொடங்கிய பணி, ஆசைகள் பெருகப் பெருகக் கட்டுக்கடங்காமற் போயிற்று. இதனிடையே 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்னும் புழு உலகெங்கும் எக்ஸ்பி கணினிகளைத் தாக்கவே, பொறியாளர் பலர் பாதுகாப்புப் பணிக்குத் திருப்பப்பட்டனர். அதன் விளைவே 2004 ஆகஸ்டில் வந்த எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத்தொகுப்பு. அவ்வாண்டிலேயே, கட்டியது தேறாது என்பதை விண்டோஸ் பிரிவின் தலைவர் ஜிம் ஆல்சின் பில் கேட்ஸிடம் தெரிவித்தார். மூன்றாண்டு உழைப்பின் பெரும்பகுதி ஒதுக்கப்பட்டு, விண்டோஸ் சர்வர் 2003இன் அடித்தளத்தின் மேல் பணி புதிதாகத் தொடங்கிற்று. புரூக்ஸ் 1975இல் எழுதியதை நடித்துக் காட்டியது போலிருந்தது அது.

வெளிவந்த விஸ்டாவில் திரைக்காட்சி இயக்கிகளுக்கான அமைப்பு அடியோடு மாற்றப்பட்டிருந்தது. இயக்கி என்பது இயங்குதளத்திற்கும் வன்பொருளுக்கும் இடையே நிற்கும் துபாஷி. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை துய்ப்ளேக்குத் துபாஷியாக இருந்தார். ஆட்சிமொழி ஓரிரவில் பிரெஞ்சிலிருந்து வேறொன்றாக மாறியிருந்தால் அவர் நிலை என்னவாகியிருக்கும்? அச்சுப்பொறிகளும் ஒலி அட்டைகளும் திரையட்டைகளும் அத்தகைய நிலையில்தான் நின்றன. பழைய துபாஷிக்குப் புதிய மொழி தெரியவில்லை. அவசரமாக வந்த புதியவர் உளறினார். 2007இல் பதிவான விஸ்டா முறிவுகளுள் ஏறத்தாழ 29 விழுக்காடு என்விடியா நிறுவனத்தின் இயக்கிகளால் நேர்ந்தவை என்று மைக்ரோசாப்டின் உள்கணக்கே காட்டிற்று.

இயக்கிகளை மட்டும் குறை கூறவும் இயலாது. பாட்டுக் கேட்டுக்கொண்டே வலையமைப்பில் கோப்பை அனுப்பினால் அனுப்பும் வேகம் சரிந்துவிழுவதைப் பயனர்கள் 2007 ஆகஸ்டில் கண்டுபிடித்தனர். இசை தடையின்றி ஒலிக்க வேண்டுமென்று, ஒலி ஓடும் வேளையில் வலையமைப்புப் பொதிகள் மில்லிநொடிக்குப் 10 என்னும் அளவில் நிறுத்தப்பட்டிருந்ததே காரணம். கோப்புகளைப் படியெடுப்பதும் எக்ஸ்பியை விட மெதுவாயிற்று. ஏன் அவ்வாறு என்று மைக்ரோசாப்டின் மார்க் ருசினோவிச் 2008 பிப்ரவரியில் விரிவாக எழுதினார். முதல் சேவைத்தொகுப்பு அதனைச் சீர்செய்தது. எக்ஸ்பி வரையில் காத்திருப்பின் குறியாக இருந்த மணற்கடிகையை விஸ்டா நீக்கிவிட்டுச் சுழலும் நீல வளையம் ஒன்றை வைத்தது. மணற்கடிகைக்கு ஒரு முடிவு உண்டு, மணல் தீர்ந்துவிடும், வளையத்திற்கு முடிவேது?

இதுவரை சொன்னவை பிழைகள். பிழை எவர் கையிலும் நேரும். அடுத்து வருவது வேறு வகை. விஸ்டா வெளிவருவதற்கு முந்தைய 2006ஆம் ஆண்டில் விற்ற எக்ஸ்பி கணினிகள் மீது 'விஸ்டாவுக்குத் தகுதியுடையது' என்னும் முத்திரை ஒட்டப்பட்டது. இன்டெலின் 915 என்னும் சில்லுத்தொகுதி விஸ்டாவின் புதிய திரைக்காட்சி அமைப்பைத் தாங்க வல்லதன்று. முதலில் அது தகுதியற்றதாகவே வைக்கப்பட்டிருந்தது. 2006இன் தொடக்கத்தில் அந்த அளவுகோல் தளர்த்தப்பட்டு, 915 உடைய பொறிகளுக்கும் முத்திரை கிடைத்தது. வாங்கியோர் 2007இல் சியாட்டில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கில் 2008இல் வெளிப்பட்ட உள்மின்னஞ்சல்கள் பலரையும் திகைக்கச் செய்தன. இன்டெலின் காலாண்டு வருவாய்க்கு உதவவே அளவுகோல் தளர்த்தப்பட்டது என்று மேலாளர் ஒருவர் எழுதியிருந்தார். முத்திரையை நம்பி 2,100 டாலருக்கு மடிக்கணினி வாங்கிய துணைத் தலைவர் ஒருவர், அது இப்போது மின்னஞ்சலுக்கு மட்டுமே பயன்படுகிறது என்று நொந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரரே ஏமாந்த கடை அது!

வழக்கு 2008 பிப்ரவரியில் பெருந்திரள் வழக்காக ஏற்கப்பட்டு, ஓராண்டு கழித்து அத்தகுதியை இழந்தது. அனைவரும் ஒரே வகையில் பணத்தை இழந்தனர் என்று மெய்ப்பிக்க முடியவில்லை என்பது நீதிமன்றத்தின் கருத்து. சட்டத்தின் கண்ணில் அது சரியாக இருக்கலாம். உறைந்த திரைமுன் ஒவ்வொருவரும் இழந்த நிமிடங்களை எந்த நாணயத்தில் கணக்கிடுவது?

பயனர்கள் தம் தீர்ப்பை வேறு வழியில் வழங்கினர். எக்ஸ்பியின் விற்பனையை நிறுத்தாதீர் என்று இன்ஃபோவேர்ல்டு இதழ் 2008இல் நடத்திய இயக்கத்தில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். உயர்நிலை விஸ்டா வாங்கியவர்கள் எக்ஸ்பிக்கே திரும்பிச் செல்ல உரிமமும் இருந்தது. பலர் அவ்வாறே திரும்பினர். 2009 அக்டோபர் 22இல் வந்த விண்டோஸ் 7, விஸ்டாவின் முழு வடிவங்களுக்குக் கூறப்பட்ட அதே 1 கிகாபைட்டில் நின்றது. மேசையைப் பெரிதாக்கக் கேட்காமல் நூல்களை ஒழுங்குசெய்த பதிப்பு அது. மக்கள் மறுத்தால் நிறுவனம் கேட்கும் என்பதற்கு அதுவே சான்று.

ஒருவேளை அதனால்தானோ என்னவோ, அடுத்த கட்டத்தில் மறுக்கும் வாய்ப்பே சுருங்கலாயிற்று. 2015 சூலை 29இல் வெளியான விண்டோஸ் 10, முதல் ஓராண்டுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. ஏற்கச் சொல்லும் சாளரம் ஒன்று விண்டோஸ் 7, 8 கணினிகளில் மீண்டும் மீண்டும் தோன்றியது. 2016 மே மாதத்தில், அச்சாளரத்தின் மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தி மூடினாலும் குறித்த நாளில் மேம்பாடு நிகழ்ந்தே தீரும் என்னும் நிலை வந்தது. வேண்டாம் என்பதற்கு உலகெங்கும் பழகிய குறியே ஒப்புதலாகப் பொருள் மாறிற்று. எதிர்ப்புக்குப் பின் அது திருத்தப்பட்டது. கலிபோர்னியாவில் சிறு பயண நிறுவனம் நடத்திய பெண்மணி ஒருவர், தாம் கேளாமலே தொடங்கிய மேம்பாட்டால் அலுவலகக் கணினி தவழ்ந்து, முறிந்து, பலநாள் பயனற்றுப் போனதாக வழக்குத் தொடுத்து வென்றார். மைக்ரோசாப்ட் தவறை ஒப்பவில்லை. மேல்முறையீட்டைக் கைவிட்டு 2016இல் 10,000 டாலரைச் செலுத்தியது. பெருந்திரள் வழக்கு சாதிக்காததை ஒற்றைப் பெண்மணி சாதித்தார்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் செவிமடுக்க வேண்டும். மேம்படுத்த மறுப்பவர் தமக்கு மட்டுமன்றி ஊருக்கே கேடு விளைவிக்கக்கூடும். 2017 மே மாதத்தில் வானாகிரை என்னும் பணயத்தீநிரல் பரவியபோது பலியானவை பெரும்பாலும் திருத்தங்கள் நிறுவப்படாத விண்டோஸ் 7 கணினிகள். பாதுகாப்புக்கு வேகத்தை விலையாகத் தர வேண்டிய தருணங்களும் உண்மையிலேயே உண்டு. 2018 சனவரியில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்னும் குறைபாடுகள் செயலிகளின் ஆழத்திலேயே கண்டறியப்பட்டன. அவற்றை அடைக்கும் திருத்தம் பழைய பொறிகளை மெதுவாக்கும் என்றும், 2015 காலத்திய அல்லது அதற்கு முந்தைய செயலியுடன் விண்டோஸ் 7 அல்லது 8 வைத்திருப்போருள் பெரும்பாலோர் அதனை உணர்வர் என்றும் மைக்ரோசாப்டின் டெர்ரி மையர்சன் வெளிப்படையாக எழுதினார். கசப்பான செய்திதான். ஆயினும் அதற்காக எவரும் ஏமாற்றப்பட்டதாக உணரவில்லை. காரணமும் விலையும் சொல்லப்பட்டன. முடிவெடுப்பது பயனர் கையில் விடப்பட்டது.

இந்த வேறுபாட்டைச் சட்டமும் மெல்லப் புரிந்துகொண்டது. புரிந்துகொண்ட களம் மட்டும் கணினியன்று, கைப்பேசி. 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்கிற்கு 50 இலட்சம் யூரோவும் தண்டம் விதித்தது. பழைய கைப்பேசிகளில் புதிய இயங்குதளத்தை நிறுவத் தூண்டிவிட்டு, அவை தளர்ந்துபோகும் என்பதைச் சொல்லாமல் விட்டனர் என்பது குற்றம். தேய்ந்த மின்கலம் கொண்ட ஐபோன்களின் வேகத்தை 2017ஆம் ஆண்டின் ஐஓஎஸ் 10.2.1 பதிப்பின் வாயிலாகக் குறைத்ததை, அவ்வாண்டு டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டிருந்தது. தேய்ந்த மின்கலத்தால் கைப்பேசி திடீரென அணைந்துவிடாமல் காப்பதே நோக்கம் என்பது அதன் விளக்கம், அவ்விளக்கம் பொய்யுமன்று. எனினும் 2020 பிப்ரவரியில் பிரான்சு 2.5 கோடி யூரோ தண்டம் விதித்தது. வேகத்தைக் குறைத்ததற்காக அன்று, குறையக்கூடும் என்பதைத் தெரிவிக்காமைக்காக.

இவ்வரலாற்றின் அண்மைய அத்தியாயத்தில் ஒரு தலைகீழ்த் திருப்பம் உண்டு. 2021 அக்டோபர் 5இல் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் எனில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் செயலியும் இருந்தாலன்றி நிறுவ ஒப்பாது. அவ்வளவு உயரத்தில் வாயிற்படி அமைத்தும், வெளிவந்த சில நாட்களில் ஏஎம்டி செயலிகள் அதில் வேகம் குன்றுவது வெளிப்பட்டு, அம்மாதத்திலேயே திருத்தம் வழங்க நேர்ந்தது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு முடிந்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த எத்தனையோ பொறிகள் அந்த வாயிற்படிக்கு வெளியே நின்றன. 2006இல் தாங்க இயலாத பொறிகளை உள்ளே விட அளவுகோல் தாழ்த்தப்பட்டது. 2021இல் ஓடக்கூடிய பொறிகளை வெளியே நிறுத்த அளவுகோல் உயர்த்தப்பட்டது. முன்னதற்கு வணிகம் காரணம், பின்னதற்குப் பாதுகாப்பு காரணம் என்று பிரித்துச் சொல்வர். இரண்டு முறையும் அளவுகோல் இருந்த கை ஒன்றே; அது பொறிக்கு விலை கொடுத்தவரின் கை அன்று.

பழையன நீங்கிப் புதியன புகுவதைக் குற்றமாகக் கருதாத இலக்கண மரபு நம்முடையது. நன்னூல் அதற்கு இடம் தருகிறது. காலம் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. ஆயின் மொழியில் எந்தச் சொல் கழிய வேண்டும் என்பதைப் பேசுவோர் தம் நாவால் முடிவுசெய்கிறார்கள். எவரும் ஓரிரவில் வந்து பழைய சொற்களை நம் வாயிலிருந்து பிடுங்குவதில்லை. கணினி வாழ்வில் அந்த உரிமை நம்மிடம் முழுமையாக ஒருபோதும் இருந்ததில்லை. ஆகவே அடுத்த மேம்பாட்டுச் சாளரம் தோன்றும்போது மூன்று கேள்விகளேனும் கேட்கப் பழகுவோம். இது என் பொறியிடம் எவ்வளவு கேட்கும்? மெதுவானால் திரும்பிச் செல்ல வழி உண்டா? இவ்விரண்டையும் முன்கூட்டியே சொல்லும் கடமை யாருடையது? மூன்றாவதற்கான விடையை இத்தாலியும் பிரான்சும் எழுதத் தொடங்கிவிட்டன. நம் நாட்டு நுகர்வோர் மன்றங்களின் கதவுகளும் திறந்துதான் இருக்கின்றன.